எண்ணெய்த் தலையோடு ஊர் பார்த்த நாள்

அண்ணே,

இன்று காலை மைனி பித்தளைச் செம்பில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகைத் தட்டிப் போட்டு இறக்கினாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு உன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவன்மேல் இப்படியா கோபப்படுவது என்று ஊர் கேட்கும். கேட்கட்டும்.

போன சாரலுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு வந்தேனே, அதைத்தான் சொல்கிறேன். பிறந்தது முதல் அருவியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள். கப்பலில் ஏறியதிலிருந்து என் மகள் செண்பகத்துக்கு வேறு பேச்சில்லை. குற்றாலத்துப் பெரிய அருவிக்கு அடியில் நின்றுவிட்டு வந்தேன் என்று பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சின்னவன் சுப்பையா அக்கா சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். இதைவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன காட்டவேண்டியிருக்கிறது என்று நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை.

தினமும் காலையில் வாசலில் நின்று மலையைப் பார்ப்பாய். ஒருநாள் சாரல் பத்தாது, ஒருநாள் தண்ணீர் பத்தாது, ஒருநாள் ஆடி அமாவாசைக் கூட்டம். "பிள்ளைகளுக்கு முதமுதக் காட்டுதோம். அரைகுறையாவா காட்டுறது? பொறுட்டி" என்பாய். பொறுத்துப் பொறுத்து, மறுநாள் ரயிலேற வேண்டும் என்கிற கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் உனக்கு வேகம் வந்தது. தென்காசிப் பெரிய கோயில், இலஞ்சி முருகன், குற்றாலத்துச் சித்திரசபை, எல்லாம் முடித்துக் கடைசியில் அருவி. அருவிக்கரையில் உட்கார்ந்து தேய்த்தால் எண்ணெய் ஊற நேரமாகுமாம். அதனால் விடிந்ததும் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துவிட்டாய். "வண்டியிலயே ஊறிரும். எப்படி என் யோசனை?" என்று மைனியைப் பார்த்துச் சிரித்தாய். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ எப்போது உன் பெண்டாட்டியைச் சொல்ல விட்டிருக்கிறாய்?

பெரிய கோயில் வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணாச்சி, எண்ணெய்த் தலையோட பிள்ளைகள எங்கன கூட்டிட்டுப் போறீய?"

உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே அப்போது! குளிக்காமல் கோயிலுக்குள் கால் வைத்தறியாதவன் நீ. உனக்கா இது தெரியாது? அப்போதாவது வண்டியை நேரே அருவிக்கு விட்டிருக்கலாம். "குளிச்சிட்டு வந்து எல்லாம் பாப்போம்ணே" என்று கெஞ்சினேன். "வண்டிய முன்னயும் பின்னயும் இழுத்தடிக்கவா? வெளிய நின்னே காட்டுதேன்" என்றாய்.

காட்டினாய். மொட்டையாய்ப் பிளந்து நிற்கும் கோபுரத்தைத் தெருவில் நின்று விரலால் காட்டினாய். அந்த வாசலில் அடிக்கிற காற்று யாருக்குத் தெரியாது? பாண்டிய ராசா கதையை நீ சொல்லி முடிப்பதற்குள் தெருப்புழுதி முழுக்கப் பிள்ளைகள்மேல் அப்பிக்கொண்டது. இலஞ்சியில் மதிலுக்கு வெளியே ஒரு சுற்று. சுப்பையா அழ ஆரம்பித்தான். வாய்க்காலில் ஒரு முங்கு போடவிட்டு உள்ளே கூட்டிப் போகலாமே என்றதற்கு, "அருவிக்குன்னு தேச்ச எண்ணெய வாய்க்கால்ல விடச் சொல்லுதியா?" என்று என்மேல் பாய்ந்தாய். சித்திரசபைச் சுவரில் என்னென்ன படம் எழுதியிருக்கிறது என்பதையும் வெளியே நின்றுதான் வர்ணித்தாய். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மலைமேல் நல்ல மழை. தண்ணீர் செம்மண்ணாய்ப் பாறையை மறைத்து விழுந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். கீழே யாரையும் விடவில்லை. "எம்மா, நாம எப்பக் குளிக்கது?" என்றாள் செண்பகம். நீ அவள் தலைமேல் துண்டைப் போட்டாய். அன்று சாயங்காலம் வீட்டுக் கிணற்றடியில் சீயக்காய் போட்டு நான்தான் அந்த எண்ணெயைப் போக்கினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ரயிலடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த சாரலுக்கு வா. வந்த அன்னைக்கே அருவி" என்றாய். சாரல் வந்தது, நாங்களும் வந்தோம். நீ மார்கழியிலேயே கிளம்பிவிட்டாய்.

இன்று மைனி செம்பை என் கையில் கொடுத்து, "வீட்டுல தேய்க்காத. நேரா அங்க போ" என்று மட்டும் சொன்னாள். அப்படியே செய்தேன். அங்கேயே எண்ணெய், அங்கேயே குளியல். செண்பகம் முதலில் பயந்தாள். பிறகு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். இவ்வளவு சுலபமான காரியம், அண்ணே! இதற்கா அத்தனை நாள்? அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போயிருக்க வேண்டியவன் நீ. அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்தேன், தாங்கவில்லை. தலையில் தண்ணீர் அறைய அறைய, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது?

கரையேறித் தலை துவட்டும்போது செண்பகம் கேட்டாள்: "எம்மா, உள்ள நின்னு யாருட்ட பேசிட்டிருந்தே?"

"ஒங்க மாமாட்ட."

"மாமா என்ன சொன்னாவ?"

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிறவன் நீ. இன்று நான் தொண்டை கட்டும்வரை கத்தியும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நாளைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இன்னும் திட்டி முடியவில்லை.