வளைவில் கட்டிய என் வாழைக்குலை

1949 நவம்பர் 12, சனி

உணவுப் பயிர் வளர்க்கச் சொல்லிச் சர்க்கார் குத்தகைக்கு விட்ட பொதுத் தோட்டத்தில், என் பாத்தியிலிருந்த நேந்திர வாழையைக் குலையோடு வெட்டிவிட்டார்கள். தோட்டத்தைப் பாராட்ட வரும் அதிகாரிக்கு வரவேற்பு வளைவாம்!

“ஒரு வாழைதானே அம்மா, போகட்டுமே,” என்றான் வெட்டிய மேஸ்திரி.

கோடை முழுக்க நான் தண்ணீர் சுமந்து ஊற்றிய வாழை. காய் முற்றக்கூட இல்லை.

‘ஒரு காயைக்கூட வீணாக்கக் கூடாது’ என்று விழாவில் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் வளைவில் கட்டியிருந்த குலையை அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். பேச்சு நின்றது.

“எங்கேடீ கொண்டுபோறே?” என்றார் இவர். அந்த அதிகாரியிடம்தான் இவருக்கு உத்தியோகம்.

“ஆத்துக்கு. சமைக்க.”

“திங்கட்கிழமை நான் ஆபீஸ் போக வேண்டாமா?”

பிஞ்சுக் காய், கறி துவர்த்தது. மிச்சம் வைக்காமல் இவர் சாப்பிட்டு எழுந்தார். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.