சர்க்கார் திருப்பிக் கொடுத்த ஒரு மணி

14-10-45, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி மறுபடி ஒடிந்தது. முழங்கால் வலி, இடது.

இன்று ராத்திரியோடு சண்டை டைம் ஒழிகிறது. மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கார் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. சண்டை முடிந்துவிட்டதால் அந்த ஒரு மணியை நாளை திருப்பிக் கொடுக்கிறதாம். ஸ்ரீரங்கம் முழுக்க இதே பேச்சு. கேட்டவரை:

காபி ஹோட்டல் ராவ் – சந்தோஷம். இனி ஆபீஸ்காரர்கள் இருட்டோடு வந்து கதவைத் தட்டமாட்டார்கள்.

எதிர்வீட்டு வேதவல்லி மாமி – விசாரம். ராகு காலத்துக்கு ஒரு மணி கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமலே மூன்று வருஷம் போய்விட்டது. எத்தனை கல்யாணம் தப்பான வேளையில் நடந்ததோ! (பெயர்கள் சொன்னாள். எழுதவில்லை.)

ஜட்கா காதர் பாய் – “குதிரைக்கு ஏது சாமி டைமு? கொள்ளு வச்சாத்தான் அதுக்கு விடியும்.”

பெருமாள் – அபிப்பிராயம் இல்லை. கோயில் மணி என்றைக்கும் பழைய டைமில்தான்.

நான் – ஜெயித்தவன். என் பாக்கெட் கடிகாரத்தின் முள்ளைத் தொடவே இல்லை. ஆபீசுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு மணி கூட்டிக்கொண்டு போனேன். பாதி நாள் கூட்ட மறந்தேன். ஹெட்கிளார்க் ஒரு நாளும் மறக்கவில்லை.

வியாழன் என் சம்சாரம் செங்கமலத்தின் திதி. அவள் போய் மூன்று வருஷம். வாங்க வேண்டியது: எள், தர்ப்பை, வாழைக்காய், பாகற்காய், உளுந்து (ரேஷனில் கேட்க). திதி பண்ணிவைக்கிற வாத்தியார் ஸ்வாமிக்கு நினைவூட்ட.

கடைசியாக அவள் என்னிடம் பேசினதும் என் தாமதத்தைப் பற்றிய கிண்டல்தான். எழுத இஷ்டமில்லை.

15-10-45, திங்கள்

மேகம். மழை இல்லை. வெற்றி ஊர்வலம். கடிகாரத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சித்திரை வீதியில் நடந்தேன்.

“என்ன ஓய், கடிகாரத்துக்குப் புறப்பாடா?” என்றார் ராவ்.

“மூணு வருஷம் ஒரே இடத்துல நின்னேன். சர்க்கார் தானா வந்து சேர்ந்துடுத்து, பாத்தீரா?”

“நின்னது உம்ம கடிகாரம்னுன்னா ஊர்ல பேச்சு!”

ஹோட்டலே சிரித்தது. நானும்.

சாயங்காலம் இதையெல்லாம் என் பெண் கோதைக்கு நடித்துக் காட்டினேன். பதினேழு வயசு. என் ஜோக்குக்கு மரியாதைக்காவது சிரிப்பாள். இன்று இல்லை. மடியில் முறம், அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னாள்:

“உங்க கடிகாரம் ஒரு நாள் நகர்ந்திருக்குப்பா.”

“யார் நகர்த்தினா?”

“நான்தான்.”

விஷயம் இது. அப்போது செங்கமலம் புத்தூர் ஆஸ்பத்திரியில். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் காலை 8–9, சாயங்காலம் 4–6, எல்லாம் புது டைம். கடைசிக்கு முதல் நாள் சாயங்காலம் என் கடிகாரப்படி ஐந்தேகாலுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு அது ஆறேகால். கேட் மூடியாயிற்று. உள்ளேயிருந்து வந்த கோதை கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அன்று ராத்திரி நான் தூங்கின பிறகு முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள்.

“ஏண்டி எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா திருப்பி வச்சுடுவேளே. அம்மா அன்னிக்கு பூரா வாசலையே பாத்துண்டிருந்தா. மறுநாள் இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் எப்படிப்பா சொல்றது?”

அவள் மூன்று வருஷமாக எதற்குப் பயந்தாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை, நான் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில், செங்கமலத்தின் மூச்சு நின்றதும் என் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை. பழைய டைம் என்றே வாத்தியாரிடமும் சொன்னேன். அன்று பஞ்சாங்கத்தில் (அதுவும் பழைய டைம்தான்) துவாதசி காலை எட்டு மணி வரைக்கும்தான். ஆகவே திரயோதசி திதி என்று முடிவாயிற்று. வேதவல்லி மாமி அன்று புலம்பியது இப்போதும் காதில்: “எத்தனை ஏகாதசி பட்டினி கிடந்தா! துவாதசியில போற புண்ணியம் அரை மணியில தப்பிடுத்தே!”

கோதை சொல்வது நிஜமானால் அது ஏழரை. துவாதசி தப்பவே இல்லை. இரண்டு வருஷத் திதி, அதற்கு முன் மாசாமாசம் செய்தது, எல்லாமே ஒரு நாள் தள்ளி. உயிரோடு இருந்தபோது காக்க வைத்தது போதாதென்று.

அப்போதே எப்படித் தெரியாமல் போயிற்று? காரியம் முடிகிறவரை கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. நின்றுபோயிற்று. பிறகு கோயில் மணியைக் கேட்டுத் திருப்பி வைத்தேன்.

சாப்பிடவில்லை. இருவரும்.

16-10-45, செவ்வாய்

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து: “8-30, பழைய டைம்.” கீழே அடிக்கோடு வேறு.

ஆபீசுக்கு லீவு. காதர் பாய் வண்டியில் புறப்பட்டேன். காவேரி செம்மண் நிறத்தில், பாலத்துக் கண்களை முட்டிக்கொண்டு.

“புத்தூர் ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு சாமி ஒடம்பு சரியில்லை?”

“யாருக்கும் இல்லை பாய். மணி பார்க்கப் போறேன்.”

ஜோக் என்று திரும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் குதிரையோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த வாசலை மிதித்து மூன்று வருஷம். ரிஜிஸ்தர் குமாஸ்தா சவரிமுத்து, நல்ல மனுஷர்.

“பழைய ரிஜிஸ்தரா? எதுக்குங்க?”

“சம்சாரத்தோட திதிக்கு.”

பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, விரலை வைத்துக் காட்டினார். “எட்டு முப்பதுங்க. வார்டு கடியாரப்படி.”

“அந்தக் கடிகாரம் எந்த டைம்?”

“சர்க்கார் டைமுதாங்க. வேற எது வைக்கப்போறோம்?”

என் நோட்டில் எட்டரை. அங்கேயும் எட்டரை. நானும் சர்க்காரும் ஒத்துப்போன ஒரே காலை. வார்டில் கடிகாரம் இருந்ததே எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று அப்போது ஒரு வைராக்கியம். மகா வைராக்கியம்.

வண்டியில் வரும்போதுதான் இன்னொரு கணக்கும் விளங்கிற்று. முள்ளைக் கோதை தள்ளி வைக்காமலிருந்தால் நான் ஒரு மணி கழித்துத்தான் போயிருப்பேன். போர்த்திவிட்டிருப்பார்கள்.

நேரே வாத்தியார் வீடு. எல்லாம் சொன்னேன். பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“தெரியாம பண்ணினது தோஷமில்லை, ஓய். ஆனா துவாதசின்னா நாளைக்கேன்னா! சாமான் எல்லாம் இருக்கோ?”

“ஒண்ணும் இல்லை.”

“கோதை பாத்துப்பா. ஒன்பது மணிக்கு வந்துடறேன்.”

எந்த ஒன்பது என்று கேட்க வாய் வந்தது. விழுங்கினேன்.

கோதையிடம் “நாளைக்குத்தான்” என்றேன். பையைக் கையில் எடுத்துக்கொண்டவள் நின்றாள்.

“என்னைத் திட்டலையே நீங்க?”

திட்ட வார்த்தை தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் எனக்கே பொருந்தியது. “பாகற்காய் பிஞ்சா பாத்து வாங்கு” என்றேன்.

17-10-45, புதன்

நல்ல மழை. ஈர விறகு, ஒரே புகை. கோதை நாலு மணிக்கே எழுந்து தனியாகச் சமைத்தாள். உளுந்து கிடைக்கவில்லை, வேதவல்லி மாமி கொடுத்தாள்.

“நாளைக்குன்னா சொன்னேள்?” என்றாள் மாமி.

“துவாதசி தப்பலை, மாமி.”

“இதுலகூட விளையாட்டா?” என்று என்னை முறைத்தாள். பிறகு கோதை முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாத்தியார் ஒன்பதுக்கு வந்தார். எட்டுக்கே நான் ஸ்நானம் பண்ணி வாசலில் நின்றேன். பெயர் சொல்லும் இடத்தில் வாத்தியார் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. மற்றபடி நன்றாக நடந்தது.

எல்லோரும் போன பிறகு கோதை எனக்கு இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

“அன்னிக்கு அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாப்பா?”

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். “உள்ளே நுழைஞ்சதும் என்னைப் பாத்தா. ‘இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டேளே’ன்னா. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்.”

கரண்டி நின்றது. “அப்போ அம்மாவுக்குத் தெரிஞ்சுடுத்தா?”

“நான் சீக்கிரம் வந்தா, அது நானா வந்ததில்லைன்னு அவளுக்குத் தெரியாதாடி?”