ஒரே ஒரு கிளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. பத்திரிகையில் உன் முகம் வந்திருக்கிற அழகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய். இங்கே யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். அதையும் இந்த முறை விட்டுவிடுகிறேன்.

நீ அனுப்பிய படிவம் திங்கட்கிழமை வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கையெழுத்து, அதே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவர் ஒரு கையெழுத்து, இரண்டும் இருபதாம் தேதிக்குள் புகைப்படப் போட்டி நடத்துகிறவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் முதல் பரிசு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். 'சும்மா ஒரு சம்பிரதாயம்க்கா' என்று கடைசியில் ஒரு வரி வேறு. போனில் சொல்லித் தீர்கிற விஷயமாக இருந்தால் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். எடுத்ததும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். அம்மாவுக்கு வேறு பாம்புச் செவி, நான் அடுப்படியில் முணுமுணுத்தால் அங்கே படுக்கையிலிருந்து பதில் வரும். அதனால் கடையில், மதிய நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு எனக்குப் பதில் எழுது.

படிவத்தில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. கூட்டைச் சுற்றி எந்தக் கிளையையும் வெட்டவில்லை. பறவையை வரவழைக்க இரை எதுவும் வைக்கவில்லை. படம் எடுத்ததால் கூட்டுக்கோ குஞ்சுக்கோ கேடு எதுவும் நேரவில்லை. இதில் இரண்டாவதற்கு மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். வல்லூறுக்கு யாரும் இரை வைக்கவில்லை. உனக்குத்தான் வைத்தோம். நாலு வருஷமாக அம்மா உன்னை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லீவு இல்லை, வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பாய். அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்தபோதுகூட 'டாக்டர் என்ன சொல்றார்'னு தினமும் கேட்டாயே தவிர, வரவில்லை. பின்பக்க மாமரத்தில், அவள் ஜன்னலுக்கு நேரே, வல்லூறு கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது என்று அவள் சொன்ன ஒன்பதாம் நாள், கையில் பெட்டியும் முதுகில் கேமராப் பையுமாக வாசலில் நின்றாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாடிப்படி இறங்கி இரண்டு வருஷம் ஆன பொம்பளைக்கு அந்த ஜன்னல்தான் ஊர் உலகம் எல்லாம். கண் சிவப்பாக இருந்தால் ஆண், மஞ்சளாக இருந்தால் பெண் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். ஆண் ஓணானைக் கொண்டுவந்தால் கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கூப்பிடும், பெண் போய் வாங்கிக்கொண்டு வரும் என்று, எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி கதை மாதிரி சொல்லுவாள். அந்த ஜன்னலை விட்டுத்தான் அவளைக் கிளப்பினாய். கூட்டுக்குச் சரிமட்டமாக இருக்கும் ஒரே இடம் அது, கறுப்புத் துணி கட்டி ஓட்டை போட்டால் பறவைக்குத் தெரியாது, பன்னிரண்டே நாள்தானே என்றாய். கட்டிலை முன்னறைக்குத் தள்ளினோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பன்னிரண்டு நாளும் அவள் அங்கே ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நீ விடியும்போது உள்ளே போனால் வெளிச்சம் போன பிறகுதான் வெளியே வருவாய். சாப்பாட்டைத் துணிக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னாய், ஜெயிலில் தள்ளுகிற மாதிரி. சாயங்காலம் ஐந்து நிமிஷம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேமராத் திரையில் படங்களைக் காட்டுவாய். அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் அநியாயக்காரி ஆகிவிடுவேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத் தலைவாரிவிடச் சொல்லி மூன்று மணிக்கே என்னைக் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிடுவாள்.

பத்தாம் நாள் நீ கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஏணி வாங்கினாய். ஒரு கிளை மின்கம்பியில் உரசுகிறது என்று என்னிடம் ரம்பம் கேட்டாய். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 'ஒரே ஒரு கிளைதான்க்கா, அதுவும் காய்க்காத கிளை' என்றாய். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள் நான். அந்தப் பக்கம் கம்பியே போகவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை பார். தையல்காரர் அப்போதே சொன்னாராம், கூட்டுக்கு மேலே இலை இல்லாமல் பண்றீங்களே தம்பி என்று. வெளிச்சம் வேணும் அண்ணே என்று சிரித்தாயாம்.

வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. பதினோராம் நாள் மதியம் எடுத்த படம்தானே பரிசு வாங்கியிருக்கிறது? தாய்ப் பறவை இரண்டு இறக்கையையும் அகல விரித்து நிற்கிறது, அடியில் மூன்று வெள்ளைக் குஞ்சுகள், அலகு திறந்திருக்கிறது. 'தாய்' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். தாய்மையின் உச்சம் என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடப் பாவி. அது வெயில் தாங்காமல்டா. நீ கிளையை எடுத்த பிறகுதான் அந்தக் கூட்டில் மதிய வெயில் நேரே விழுந்தது. குஞ்சுகள் வெந்துவிடக் கூடாதென்று அது நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. குஞ்சுகள் வாயைத் திறந்தது பசியில் இல்லை. அதற்கு முந்தின பத்து நாளில் ஒரு படத்திலாவது அது இறக்கையை அப்படி விரித்திருக்கிறதா, எடுத்துப் பார்.

நீ கிளம்பின அன்றைக்கே கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். தலையணையைச் சாய்த்து உட்காரவைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, 'கிளை எங்கடி?' நான் மின்கம்பிக் கதையைச் சொன்னேன். மறுநாள் மதியம் நான் சாப்பாடு கொடுக்க வந்தபோது, தாய்ப் பறவை நேற்று பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அப்படியே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது, இரை வாங்கக்கூடப் போகவில்லை, ஏதாவது செய் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒட்டடைக் கம்பில் குடையைக் கட்டி ஜன்னல் வழியாக நீட்டினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. பறவை மிரண்டு பறந்தது பறந்ததுதான், ஒன்றரை மணி நேரம் வரவில்லை. அதற்குள் காக்கை வந்தது. இலை மறைவு இருந்தவரை அந்தக் கூடு காக்கைக்குத் தெரியவே இல்லை. முதல் குஞ்சை அது தூக்கிப் போனதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டி விரட்டினாளாம், நான் அடுப்படியில் குடையை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தது மறுநாள் போயிற்று. மூன்றாவது வெயிலிலேயே செத்துக் கூட்டில் கிடந்தது. தாய் இரண்டு நாள் ஓணானைக் கொண்டுவந்து அதன் வாயருகே வைத்துப் பார்த்தது. பிறகு ஆண், பெண் இரண்டுமே வரவில்லை.

இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். 'புள்ள மனசு கஷ்டப்படும்' என்றாள். உன் மனசு! கூடு எப்படி இருக்கிறது என்று மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டாயா நீ? கேட்டிருந்தால் நான் சத்தியத்தை மீறியிருப்பேன்.

அவளுக்கு இப்போது தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறது. டாக்டர் எல்லாவற்றையும் கெட்டியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்காது என்று வராந்தாவுக்கு என்னை அழைத்துப் போய்ச் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டேன், அதை யாரால் சொல்ல முடியும் என்றார். உனக்கும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இனி கையெழுத்து விஷயம். வீடு அவள் பேரில் இருப்பதால் படிவத்தை அவளிடம் மறைக்க முடியவில்லை. மறைக்கவும் நினைக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். படித்துக் காட்டினால் தூக்கி எறிவாள், அதை உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது எனக்கு. முப்பத்தொரு வருஷம் எடை அளவு அலுவலகத்தில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடும் வேலை பார்த்தவள். கடைத்தெருவில் அவள் தலை தெரிந்தாலே 'முத்திரையம்மா வருது' என்று தராசைத் துடைப்பார்கள். சொந்தத் தம்பி கடையில் படிக்கல் குறைந்தது என்று தராசோடு தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா எட்டு வருஷம் நம் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை, அவளும் போய்க் கெஞ்சவில்லை. அந்த அம்மாவுக்குத்தான் படித்துக் காட்டினேன்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கிளை வெட்டவில்லை என்ற வரியில் ஜன்னல் பக்கம் பார்த்தாள். முடித்ததும், எங்கே போட வேண்டும், பேனாவைக் கொடு என்றாள். இது பச்சைப் பொய் அம்மா என்றேன். 'தெரியும்டி' என்றாள். இடது கையால் போட்டாள். ஐந்து எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை பேனா கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். பார், கோணல்மாணலாக இருந்தாலும் புள்ளி ஒன்று விடவில்லை. அவள் வாழ்க்கையில் தெரிந்தே போட்ட முதல் பொய்க் கையெழுத்து இது. அதை வாங்கின பெருமை உன்னைச் சேரும்.

அதற்குக் கீழே எனக்கான கோடு காலியாக இருக்கிறது. நான் போடவில்லை. அம்மா கேட்டபோது போட்டாச்சு என்று சொன்னேன், ஆக நானும் பொய் சொல்லியாயிற்று. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் என் பெயரை நீயே எழுதி அனுப்பிக்கொள், நான் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். ரம்பத்தைக் கொடுத்தவள், குடையை நீட்டினவள், எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் என் கையால் போட மாட்டேன்.

அன்றைக்கு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தம்பி கடையென்றும் பார்க்காத நீ இதற்கு மட்டும் ஏன் போட்டாய் என்று கத்திவிட்டேன். நோயாளியிடம் கத்தக் கூடாதுதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: 'மரத்துல இப்போ ஒண்ணும் இல்ல. இந்தப் பரிசும் போச்சுன்னா அவன் இங்க எதுக்குடி வருவான்?'

நீ நன்றாக இரு, கோபத்தோடு எழுதினாலும் அதை மனசாரத்தான் எழுதுகிறேன். பரிசை வாங்கு, வாங்காமல் போ. அம்மாவின் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீயே நேரில் வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடு. அவளுக்குக் காது கேட்கிறபோதே வா.

இப்படிக்கு,
உன் அக்கா