லேசான காயம்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் இளகிவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மாமாவுக்கு வலது காது இன்னும் கேட்கவில்லை. மைக் செட் போடுகிறவருக்குக் காது போனால் வேறு என்ன மிச்சம்? நேற்று பள்ளிக்கூட விழாவில் ஸ்பீக்கர் அலறியிருக்கிறது. இவர் சத்தம் போதவில்லை என்று இன்னும் கூட்டினாராம், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்களாம்.

அடி விழுந்த மறுநாள் வந்த உங்கள் பேப்பரை எங்கள் வக்கீல் காட்டினார். கட்சிக் கூட்டத்தில் தலைவர் பேசும்போது மைக் நின்றுபோனதால் அவர் தாங்க முடியாத வேதனை அடைந்தார் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சதியாம். அவருடைய மைத்துனன் இரும்பு ஸ்டாண்டால் உன் மாமாவைத் தலையில் அடித்தது எட்டாம் பக்கத்து மூலையில் இருக்கிறது. அதிலும் அடித்தவன் பெயர் இல்லை. "கூட்டத்தில் அசம்பாவிதம். ஊழியருக்கு லேசான காயம் ஏற்பட்டதாக உறவினர் ஒருவர் தெரிவித்தார்." அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். குடும்பமே லேசான காயம் என்று சொல்லியிருக்கிறது, காது அதற்கு முன்பே போயிருக்கும் என்கிறார்.

அந்த உறவினர் யார்? நீ அந்த ஆபீசில்தான் இருக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்ப்பது அரசியல் பக்கம். குற்றச் செய்தி பார்ப்பவர் வேறு. யார் சொல்லி யார் எழுதினார்கள் என்று நான் துருவினால் இங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. தலைவர்களுக்கு நேர்வது வேதனை, களங்கம், சதி. அவர்கள் வாயால் சொன்னால் போதும், போட்டுவிடுவோம். மற்றவர்களுக்கு நேர்வது காயம். அதற்கு ஆஸ்பத்திரியோ போலீசோ வீட்டு மனிதர்களோ சொல்ல வேண்டும். இதை நான் ஏற்படுத்தவில்லை.

உன் கொழுந்தனார் அந்தத் தலைவரின் கட்சி ஆபீசுக்கு நடையாய் நடக்கிறாரே, அவரைக் கேட்டாயா? சும்மா தோன்றியது, சொன்னேன்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

உன் பேச்சைக் கேட்டு என் கொழுந்தனை நடு வீட்டில் நிற்கவைத்துக் கேட்டேன். "அண்ணி, எங்கண்ணன் ரத்தம் என் சட்டையில இருந்துச்சு. நான் போய் லேசுன்னு சொல்வேனா?" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவர் போனபின் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு வந்தது ஒரே ஒரு போன். உன்னுடையது.

"அடி பலமாக்கா?" என்றாய்.

"இல்லடா, லேசாத்தான். நர்ஸ் பஞ்சு வச்சுக் கட்டியிருக்காங்க. நீ பதறாதே" என்றேன்.

உனக்கு எதையும் பாதியாகக் குறைத்துத்தானே சொல்வேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோதுகூட வாயுத்தொல்லை என்றுதான் சொன்னேன். அன்று பேச்சுக்கு நடுவே டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உன் பக்கம் மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைத்தான் உறவினர் ஆக்கினாயா? அதையாவது பொறுத்துக்கொள்வேன். அது தெரிந்தும் என் கொழுந்தன் மேல் கையைக் காட்டினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா

ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியாகத்தான் போன் செய்தேன், நம்பு. குற்றச் செய்தி பார்ப்பவர் அன்று லீவு. ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "உங்க மாமாதானே? நீங்களே கேட்டுப் போட்டுடுங்க" என்றார். நீ லேசு என்றதும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அந்த நிம்மதியில் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. நீ பேசப் பேசவே கை தன்பாட்டுக்கு டைப் அடித்துவிட்டது. உன் கடிதம் வந்ததும் பயந்து, வாய்க்கு வந்த ஆளைச் சொன்னேன்.

திருத்தம் போடலாமா என்று கேட்டேன். தலைவர் தரப்பு வருத்தப்படும் என்றார் ஆசிரியர்.

கோர்ட்டுக்கு வந்து, அது டாக்டர் பார்ப்பதற்கு முன்பு அக்கா எனக்குச் சொன்ன ஆறுதல் என்று நான் சொல்லலாம். வேலை போய்விடும். ஆனாலும், வா என்று நீ ஒரு வார்த்தை சொல் அக்கா, வந்துவிடுகிறேன்.

தம்பி

ஜூன் 26

தம்பிக்கு,

இதுவும் என் வாயிலிருந்துதான் வர வேண்டுமா? நாளைக்கு வேலை போனால் அக்கா கூப்பிட்டாள், போனேன் என்பாய். அந்த வார்த்தையை நான் சொல்லமாட்டேன். விசாரணை வியாழக்கிழமை காலை. நான் கூண்டில் ஏறி, தம்பி பதறக் கூடாது என்று பொய் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். அப்படியானால் இப்போது சொல்வதும் பொய்யா என்று அந்த வக்கீல் கேட்பார். கேட்கட்டும்.

கொழுந்தன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். உன் மாமாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பயந்த பையன், விடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "வருவானா?" என்றார்.

வருவான் என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தெரியாது என்றேன்.

அக்கா