சிகரங்களில் வைத்த புள்ளிகள்

மார்ச் 3

அன்புள்ள ஸ்டூடியோக்காரிக்கு,

நலம். எப்போது இறங்கி வருவீர்கள், அந்த மலையுச்சி வானிலை நிலையத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் விடியும்போது இங்கிருந்து தெரிவதை வரிசையாகப் படம் எடுத்து, கேமராவின் மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நீளப் படமாக நானே இணைத்துப் பார்த்தேன். அதில் கம்பி வேலி ஒடிந்து நிற்கிறது, வானம் பட்டை பட்டையாக இருக்கிறது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் பாரேன்.

உன் மேகக்காரன்

மார்ச் 14

மேகக்காரருக்கு,

கோபத்தை வைக்க இங்கே இடமில்லை. கையில் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கேமராவைக் கையில் பிடித்து உடம்பைத் திருப்பினீர்கள், இல்லையா? உங்களோடு லென்ஸும் இடம் மாறிவிட்டது. தூரத்து மலைக்கு அது தெரியாது, பக்கத்து வேலிக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டில் மாட்டி, லென்ஸ் நின்ற இடத்திலேயே சுழலும்படி எடுங்கள். வெளிச்ச அளவை ஆட்டோவில் விடாமல் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக வையுங்கள், வானத்துப் பட்டை போய்விடும். முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்காவது அடுத்ததிலும் வரட்டும்.

இரண்டு வருடமாகத் தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு மேகத்தைக் காட்டிச் சமாதானமா? சரி, அனுப்புங்கள். வேலியில் ஏறி விழுந்து வைக்காதீர்கள்.

ஸ்டூடியோக்காரி

மார்ச் 29

அன்புள்ளவளுக்கு,

ஒரு வாரம் மூடுபனி. இன்று திறந்தது. நீ சொன்னபடியே எடுத்தேன், கார்டு இத்துடன் இருக்கிறது. முடிந்த பிறகும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டபோது ஸ்டாண்டைக் கழற்றுவதாகச் சொல்லிவைத்தேன்.

உன்னை விட்டு ஓடிவந்ததாக நினைக்காதே. ஒரு வருடம் என்றுதான் வந்தேன். தினமும் ‘நாளைக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று தோன்றிவிடுகிறது.

உன்னவன்

ஏப்ரல் 11

என் அன்பானவருக்கு,

கம்ப்யூட்டர் முதலில் படங்களைப் பொருத்தும் புள்ளிகளை மேகங்களில் வைத்து இணைத்தது. அவை நகர்ந்திருந்ததால் மலையெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டு, சிகரங்களில் மட்டும் ஒவ்வொன்றாக நானே வைத்தேன். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

சுவர் நீளத்துக்கு அச்சடித்து மாட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைக் கடல், அதில் தீவுகளாகச் சிகரங்கள். ஒரு ஓரம் பொன்னாக விடிந்திருக்கிறது, மறு ஓரத்தில் இன்னும் நட்சத்திரம் போகவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்த கடைத் தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக வந்து அசையாமல் நின்றார்.

“இது எங்கம்மா இருக்கு?”

“என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடம்.”

“தினமும் இதையா பாக்குறாரு? அப்புறம் எப்படிம்மா இறங்கி வருவாரு!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு நாளும் என்னைத்தான் பிடிக்கவில்லையோ என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறேன். கையோடு கூட்டிப்போக வருகிறாள் என்று பயப்பட வேண்டாம். இருப்பதா இறங்குவதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வந்து சேர்ந்ததும் களைப்பில் தூங்கிவிடுவேன். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுங்கள்.

உங்களவள்