பேர் எழுதாத சீட்டு

வடக்குப்பட்டு,
14-11-91

கர்த்தருக்குள் அன்பான பிரவீனாவுக்கு உன் ஷீபா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். கோலாரில் குளிர் அதிகமாமே? உன் அத்தை வீட்டில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நீ முன்பு சொன்ன தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அரைப் பரீட்சைக்கு டைம்டேபிள் கொடுத்துவிட்டார்கள். உன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. உனக்கு வந்துவிட்டதாக இவர்கள் சொல்கிற அந்த நோய் பெஞ்சிலும் ஒட்டுமாம். அப்படி ஒட்டாது என்று, நம் பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்த நர்ஸம்மா அன்றைக்கே சொன்னது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

எங்கள் அன்னபுஷ்பம் அக்காவுக்குப் புண் ஆறிவிட்டது. நர்ஸம்மா சொன்னபடி ரகசியமாகச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டோம். புருஷனும் போட்டுக்கொள்ள வேண்டும், ரத்தமும் பார்க்க வேண்டும் என்றார்கள். டெனிசன் அத்தானோ, லாரி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் உடம்புச் சூடு என்று சொல்லி வரவில்லை. கூப்பிட்டதற்காக அக்காவை அடித்தார்.

பேர் எழுதாமல் சீட்டில் கேள்வி கேளுங்கள் என்று நர்ஸம்மா சொன்னபோது, என் கிறுக்கலை டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து உன்னை எழுதச் சொன்னேன். புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கு வந்தால் குணமாகுமா என்று ஒரே ஒரு வரி. காந்திமதி டீச்சர் அதை நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ப்ரேயரில் உன்னை முன்னால் நிறுத்தி, "கல்யாணமாகாத பொண்ணுக்கு இன்னாத்துக்குடி இந்தக் கேள்வி?" என்று கேட்டபோது நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ பேரு கெட்டது கெட்டுப்போச்சு. நம்ம வூட்டு மானமும் போவணுமா?" என்றாள் அம்மா. பிறகு எனக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

நேற்று அத்தான் வந்திருந்தார். ஜனவரியில் உனக்குக் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை யாக்கோபு, அத்தானோடு பம்பாய் வண்டியில் மாறி மாறி ஓட்டுகிறவர். இப்படிப்பட்ட பெண்ணை எதுவும் கேட்காமல் கட்டிக்கொள்கிறாரே என்று உங்கள் அப்பாவுக்கு நிம்மதியாம். வழியில் இரண்டு பேரும் தங்குகிற இடமெல்லாம் ஒன்றுதான் என்று அத்தான் சிரித்தார். அக்கா தலை குனிந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை உங்கள் அப்பாவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், நீ நல்ல பெண், இனி அவளோடு சேராதே அம்மா என்றார். சரி மாமா என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

பிரவீனா, தாலி ஏறுவதற்கு முன் அவரை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா பேரை மட்டும் சொல்லாதே. அந்தச் சீட்டை யாருக்காக எழுதினாய் என்று இனி யார் கேட்டாலும், உனக்காகவே எழுதியதாக இருக்கட்டும். கர்த்தர் உன்னைக் காப்பார். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் அன்புத் தோழி,
ஷீபா