சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று நிற்கவே இல்லை. கொப்பியின் ஒவ்வொரு தாளிலும் மணல்.

டியூஷன் முடிந்து வரும்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு. கூடவே எங்கள் வீட்டிலிருந்து பாட்டு, தெருவுக்கே கேட்கும் சத்தத்தில். நான் போட்டுவிட்டுப் போனதுதான். ஓடினேன். கம்பியூட்டர் அறையின் அந்தப் பக்கம், வாப்பாவின் கட்டில் இந்தப் பக்கம். நடுவில் ஏழு அடி. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அது கடல். உம்மா கருவாட்டு வாடியில் வேலைக்கு. வாப்பாவின் போன் அவரோடு படகிலிருந்து விழுந்தது. அவர் மட்டும்தான் மேலே வந்தார்.

காதுகளைத் தலையணையால் பொத்தியிருந்தார்.

“பள்ளியில பாங்கு, என்ட ஊட்டுல பாட்டு. ரோட்டால போறவன் என்ன நினப்பான்? இனி அதப் போடாத மகள்.”

இன்னும் ஆறு கிழமை படுக்க வேண்டும். பாட்டும் இல்லாமல் கூரையையே பார்த்துக்கொண்டா?

ஜூலை 2, புதன்

ஐ.சி.டி. டீச்சரிடம் கேட்டேன். லினக்ஸ் கம்பியூட்டரை ரிமோட்டால் இயக்க முடியுமாம். யூ.எஸ்.பி.யில் குத்தும் ரிசீவர் ஒன்று அவர் அலுமாரியில் கிடந்தது. கட்டைவிரல் அளவு. தந்தார்.

“எப்பிடிண்டு எனக்கும் தெரியாது புள்ள. ஓடினா எனக்கும் சொல்லித் தாங்க.”

ரிமோட்: செத்துப்போன டி.வி.யினுடையது. பெட்டரி இரண்டு, புதிது.

ஜூலை 3, வியாழன்

ir-keytable என்ற மென்பொருள். முதலில் ஒன்றும் வரவில்லை. ரிமோட்டுகளுக்கும் பல பாஷைகளாம். எங்களுடையது பேசுவதைக் கண்டுபிடித்து, ‘இதைக் கேள்’ என்று சொன்னவுடன், பட்டனை அழுத்த அழுத்தத் திரையில் எண்கள்!

சத்தம் கூட்ட – 0x12
சத்தம் குறைக்க – 0x1e
நடுப் பட்டன் – 0x1a

எத்தனை தடவை அழுத்தினாலும் அதே எண். ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை.

உம்மாவின் போன் கமராவால் ரிமோட்டின் நுனியைப் பார்த்தேன். ஊதா நிறத்தில் துடிக்கிறது. கமராவை எடுத்தால் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாமல் இந்த அறைக்குள் இவ்வளவு காலமும் எத்தனை வெளிச்சம்! சுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“என்னடி, ரிமோட்டுக்கு ஓதிப் பாக்கிறியா?” உம்மா.

இன்னொன்று. ரிசீவர் இருப்பது கம்பியூட்டரின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி. அப்படியும் கேட்கிறது. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிப் போகிறது, பந்து மாதிரி.

ஜூலை 4, வெள்ளி

பாடசாலை நேரத்தோடு விட்டது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்துக் கோப்பில் எழுதினேன். கரண்ட் போய் வந்தாலும் மறக்காதபடி.

வாப்பா நடுப் பட்டனை அழுத்தினார். பாட்டு நின்றது. மறுபடி. ஓடியது. பதினொரு தடவை. எண்ணினேன்.

“படகு எஞ்சினுக்கும் இப்பிடி ஒன்டு செஞ்சி தருவியா?”

ஜூலை 5, சனி

வேலை செய்யவில்லை.

அஸருக்கு வாப்பா அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். பாங்கு முடியும்வரை பாட்டு. டியூஷனிலிருந்து வந்தபோது ரிமோட் தரையில். அவர் விரலில் பட்டனின் தடம்.

“கழட்டி வை மகள். டீச்சர்ட சாமானத் திருப்பிக் குடு.”

கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

கோப்பை அழித்து மூன்று தடவை எழுதினேன். திரையில் ஓர் எண்கூட இல்லை. டீச்சரின் ரிசீவரைப் பழுதாக்கிவிட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு

சுபஹ் தொழுதுவிட்டு யோசித்தேன். கமராவில் ரிமோட் துடிக்கத்தான் செய்கிறது. அப்படியானால் வெளிச்சம் புறப்படுகிறது. எங்கே தொலைகிறது? அது போகும் வழியிலேயே நானும் போனேன். கட்டில். சுவர். கம்பியூட்டரின் பின்பக்கம்.

அங்கே ரிசீவருக்கு ஒரு வெள்ளித் தொப்பி! பால்மா பக்கற்றை வெட்டி, இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது.

“நான்தான் கட்டின,” என்றார் உம்மா. “உப்புக் காத்துல அதுட கண்ணு அவிஞ்சி போகாதா?”

எங்கள் வீட்டில் மணிக்கூடு, ரேடியோ, தையல் மெஷின் எல்லாமே உறைக்குள்தான். கச்சான் காலத்தில் உறை போடாதது நாங்கள் மட்டும்.

“மூனு தரம் அழிச்சி எழுதின உம்மா!”

“என்னக் கேட்டிருந்தா ஒரு தரத்துல சொல்லியிருப்பனே.”

வாப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து நாட்களில் முதல் தடவை.

ரிசீவரின் முகம் கறுப்பு. என் கண்ணால் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு அது கண்ணாடி. மினுங்கும் பக்கற்றோ சுவர்.

உம்மா விடவில்லை. சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை எடுத்து மறுபடி கட்டினார். அதனூடாகப் போகிறது. பரீட்சித்துவிட்டேன்.

வாப்பா ரிமோட்டை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். பாட்டுப் போடவில்லை.

ஜூலை 7, திங்கள்

காற்று. விஞ்ஞானத்தில் இரண்டு கேள்வி பிழை.

காலையில் கம்பியூட்டரை மட்டும் போட்டுவிட்டுப் போனேன்.

டியூஷன் முடிந்து வரும்போது, தெரு முனையிலேயே எங்கள் வீட்டுப் பாட்டு. உம்மா வாடியில். அப்படியென்றால் அவரே போட்டிருக்கிறார்.

பள்ளி ஒலிபெருக்கியில் கரகரப்பு. ஓடப் பார்த்தேன். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

முதல் ‘அல்லாஹு அக்பர்’ முடிவதற்குள் எங்கள் வீடு அமைதியானது.

பாங்கு முடியும்வரை அசையவில்லை. ஓத வேண்டியதை ஓதினேன். இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பாட்டு, விட்ட இடத்திலிருந்து.